ஆறாவது நனைப்பு

சென்னிமலைக்கு நாக்கு ஒன்றுதான், ஆனால் அது நாலு ஆள் வேலை செய்யும். ஒரு திங்கட்கிழமை விவசாயிகளோடு சேர்ந்து போய், "கடலைக்காய் காய் புடிக்கற நேரமுங்க, இன்னொரு நனைப்பு உட்டே ஆகோணுமுங்க!" என்று பொதுப்பணித் துறை அலுவலக வாசலில் தொண்டை கட்டுமளவுக்குக் கத்தினார். வாய்க்காலில் தண்ணீர் விட்டு வயலை ஒருமுறை நனைத்து மூடுவதற்கு நனைப்பு என்று பேர். அந்த ஆண்டுக்கு ஐந்து நனைப்போடு சரி என்றிருந்தார்கள். கத்தின கத்தில் ஆறாவதும் கிடைத்தது. புதன்கிழமை அணையின் மதகைத் திறந்தார்கள், பெருந்துறைப் பக்கம் அவருடைய நாலு ஏக்கர் கடலைக்கும் தண்ணீர் பாய்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை அதே சென்னிமலை, அதே அணையின் தேக்கத்தில், தன் படகுக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். வாய்க்காலில் ஓடிய தண்ணீர் இங்கிருந்துதான் போயிருக்கும் என்பது அந்த மனுஷனின் மூளைக்கு இன்னும் எட்டவில்லை. கடலைக்காய்க்காரர் வேறு, படகுக்காரர் வேறு என்று இருந்துவிட்டார்.

படகு அவருக்கும் அமீர் ஹம்சாவுக்கும் பொது. சென்னிமலைக்குச் சூலூரில் மோட்டார் பட்டறை. ஹம்சாவுக்கு உக்கடம் குளக்கரையில் வெல்டிங் பட்டறை. குளத்துப் பறவைகளைப் பார்த்துப் பார்த்தே வெல்டிங்கில் கையைச் சுட்டுக்கொள்கிற ஆள் ஹம்சா. சத்தமில்லாத மோட்டார் ஒன்று செய்தே தீருவேன் என்று கிடந்தவர் சென்னிமலை. இருவரும் ஒருநாள் டீக்கடையில் சந்தித்ததன் விளைவுதான் இந்த இருபது பேர் படகு. லாரி பேட்டரி பதினாறு, டீசல் ஒரு சொட்டுக் கிடையாது. ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பறவைகளை மிரட்டாமல் காட்டித் திரும்புவது தொழில். தண்ணீரில் முங்கி எழும் முக்குளிப்பான் பறவையின் பேரை ஹம்சா அதற்கு ஆசையாக வைத்தார். "முங்கற பேராப் பாத்து வெச்சிருக்கீங்களே" என்று உறவு முறையெல்லாம் சிரித்தது.

பெயரைப் பற்றி, அனுமதி தரவேண்டிய வனத்துறை ரேஞ்சர் வேலுமணிக்குக் கவலையில்லை. அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. முழு ஆள் ஏற்றி ஒருமுறை ஓட்டிக்காட்ட வேண்டும், பறவைகள் கலையக்கூடாது. கலையாவிட்டால் ஒரு வருட அனுமதி, கலைந்தால் படகைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். இது 1997. இரண்டு வருட உழைப்பு அந்த ஒற்றைக் கையெழுத்தில் தொங்கியது.

முழு ஆளுக்கு எங்கே போவது? இரண்டு குடும்பத்து ஒறம்பரை சனத்தையும் வேன் வைத்து அழைத்து வந்தார்கள். சென்னிமலையின் மனைவி சாமியாத்தாள் ஒரு தூக்குப்போசி நிறைய வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டு வந்தாள். படகில் பிளாஸ்டிக் பை ஆகாது என்பது ஹம்சாவின் சட்டம். அதனால் ஆளுக்கு இரண்டாகச் செய்தித்தாளில் மடித்து வைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். படகு போவதே தெரியவில்லை. "மோட்டார் ஓடுதுங்களா?" என்று ரேஞ்சரே ஒருமுறை கேட்டார். சென்னிமலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தண்ணீரில் மிதந்த வாத்துக் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. பத்து மணிக்கு நடுத் தேக்கத்து மணல் திட்டை ஒட்டித் திரும்பினார்கள். பத்து நாளுக்கு முன்னால் மூங்கில் விட்டு ஆழம் பார்த்து வைத்த வழி அது. நாலடித் தண்ணீர் இருந்தது.

இப்போது இல்லை. படகு 'சரக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அன்றைக்கு அது போட்ட ஒரே சத்தம் அதுதான்.

ஹம்சா மூங்கிலை விட்டுப் பார்த்தார். "அண்ணா, ரெண்டடிகூட இல்லீங்க. எப்படீங்க இப்படி வத்தும்?"

"வெயில் பாய், வெயிலு" என்றார் சென்னிமலை. சொல்லும்போதே புதன்கிழமை திறந்த மதகு கண்முன்னால் வந்து நின்றது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். தொண்டை கிழியக் கத்தி வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

ரேஞ்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் மேலதிகாரி காத்திருப்பார். "ஆம்பளைங்க எல்லாம் திட்டுல எறங்கித் தள்ளுங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லி, பேண்ட்டை மடித்துவிட்டு, தானே முதல் காலை வெளியே வைத்தார்.

'கிரீச்' என்று ஒரு ஆலாப் பறவை அவருடைய தொப்பியை உரசிக்கொண்டு போனது. அது கிளம்பிய இடத்தைச் சென்னிமலை பார்த்தார். வெறும் மணலில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக மூன்று முட்டைகள். கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. அதற்கப்பால் இன்னும்.

அவர் ரேஞ்சரின் காலையே பிடித்துவிட்டார். "ஏனுங்க, காலை எடுத்துப்போடுங்க! முட்டைங்க!"

"ஓரமாத் தள்ளிக்கலாமுங்க" என்றார் ரேஞ்சர்.

"ஆகாதுங்க. ஆள் நின்னா தாய் வந்து உக்காராதுன்னு பாய் சொல்லியிருக்காருங்க. இந்த வெயிலுக்குக் கால்மணி நேரத்துல வெந்துபோகும். நீங்க கையெழுத்துப் போடாட்டியும் போகுதுங்க, திட்டுல ஆரும் எறங்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பழைய இரும்பு விலை கிலோ என்ன என்று மனசு ஒரு பக்கம் கேட்டது. அழுகை வரும்போல இருந்தது. ஆனாலும் பிடித்த காலை அவர் விடவில்லை. ரேஞ்சர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வேறு வழியில்லாமல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஆலா முட்டைமேல் வந்து அமர்ந்தது. தண்ணீர் இறங்கியதில் திட்டைச் சுற்றிலும் குட்டைகள் தேங்கி, மீன்கள் அதில் மாட்டிக்கொண்டு துள்ளின. எங்கிருந்துதான் சேதி போனதோ, மஞ்சள் மூக்கு நாரைகள் இருபது, முப்பது என்று வந்து இறங்கின. அப்புறம் எண்ண முடியவில்லை. அசையாத படகை அவை பாறை என்று எடுத்துக்கொண்டன. ஒரு நாரை கைப்பிடிக் கம்பியில் ஏறி நின்று, ஒறம்பரையோடு வந்திருந்த சூலூர்ச் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தது. வாழ்நாளில் வாயை மூடியறியாத சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹம்சாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவும் இல்லை.

பசித்தது. சாமியாத்தாள் கச்சாயப் பொட்டலங்களைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினாள். ரேஞ்சர் தின்றுவிட்டு, எண்ணெய் படிந்த காகிதத்தை விரித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு சென்னிமலையிடம் நீட்டினார். 'ஆறாவது நனைப்புக்குத் தண்ணீர் திறப்பு: விவசாயிகள் மகிழ்ச்சி.' கீழே படம். முன்வரிசையில் கையைத் தூக்கி, வாயை அகலத் திறந்து நிற்கிறவர் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"இந்த வெயில்லதானுங்களா வத்துச்சு?" என்று ரேஞ்சர் மெதுவாகக் கேட்டார்.

சென்னிமலையின் கையிலிருந்து காகிதம் ஹம்சாவிடம் போனது. நாரைகளை மிரட்டக்கூடாதே என்று ஹம்சா தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ரெண்டு பக்கமும் நீங்களேதானுங்களா அண்ணா!"

நல்லவேளையாக, மறுபக்க ஆழத்தண்ணீரில் மீன்காரர் காளிச்சாமியின் பரிசல் வந்தது. நடை நடையாக முதலில் பேட்டரிகள் அதில் இறங்கிக் கரைக்குப் போயின, பிறகு ஆட்கள். கனமானவர்கள் முன்னால் வாருங்கள் என்றதும், "நீங்க மொதல்ல போங்க", "ஐயோ, நீங்க பெரியவங்க, நீங்க போங்க" என்று குசுகுசுவென்று மரியாதை நடந்ததில் அரைமணி நேரம் போயிற்று. எடை குறைந்ததும் படகு தானாக மிதந்தது. அவ்வளவு பெரிய முக்குளிப்பானைத் தம்மாத்துண்டுப் பரிசல் கயிறு கட்டி ஆழத்தண்ணீர் வழியாகக் கரைக்கு இழுத்து வந்தது. ஆலா முட்டையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

கரையேறும்போது மணி ஒன்றரை. ரேஞ்சர் ஜீப் முகப்பில் அனுமதிக் காகிதத்தை வைத்து எழுதினார். தட்டச்சு செய்த நிபந்தனைகள் ஆறு. ஏழாவதைக் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். "மேலதிகாரி திட்டுனா உங்க ஆலாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவனுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சென்னிமலைக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சாமியாத்தாள் வாங்கிப் படித்தாள். 'ஏழு: உரிமையாளர் வாய்க்காலுக்குத் தண்ணீர் கேட்டுப் போவதற்கு முன் படகு வழியின் ஆழத்தை அளந்துவிட்டுப் போக வேண்டும்.'

சென்னிமலை விறுவிறு என்று போய், படகிலிருந்து மூங்கிலை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு காளிச்சாமியின் பரிசலைப் பார்த்து நடந்தார்.

"ஏனுங்க மாமா, மூங்கிலைத் தூக்கீட்டு எங்க போறீங்க?" என்றாள் சாமியாத்தாள்.

"கடலைக்கு இன்னொரு தண்ணி கெடைச்சா நல்லா இருக்கும் அம்மணி" என்றார் சென்னிமலை. "அதான், அளந்துபோட்டு வாரேன்."