மூன்றாவது எந்திரம்

தேநீருக்கு வெந்நீர் போடும் இரண்டாவது சமோவாரை எடுத்துவர யாரும் முன்வரவில்லை. அது ஜெக்ஷென் செத்துக் கிடந்த பட்டறையில் இருந்தது. முற்றத்தில் குதிரை இறைச்சி வெந்துகொண்டிருந்த அண்டாவைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“நான் போறேன்” என்றாள் பூருல். செத்தவன் அவள் தம்பி. அவளே தயங்கினால் வேறு யார் போவார்கள்?

பட்டறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அரம் உரசும் சத்தம். கதவைத் தள்ளியதும் சத்தம் நின்றது. கம்பி முறுக்கும் எந்திரத்துக்குப் பின்னால் அவள் கணவன் சாகின் குந்தியிருந்தான். இந்த வீட்டு மாப்பிள்ளை அவன். இந்நேரம் இடுப்பில் கச்சை கட்டி, கையில் கம்பு ஊன்றி, வருகிற ஆண்களுக்கு எதிரே அழுதபடி வாசலில் நிற்க வேண்டியவன்.

“இங்க என்ன பண்றீங்க?”

“கதவ சாத்து.”

சாத்தினாள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சிமெண்ட்டின் விரிசல்களில் மட்டும் கறுப்பு தங்கியிருந்தது. எந்திரத்தின் வாயில் ஒரு சதுரக் கம்பி பாதி முறுக்கோடு நின்றது. முந்தாநாள் ஜெக்ஷென் பூட்டியது. அதை யாரும் கழற்றவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் சாகின் கட்டிய எந்திரம் அது. பழைய அறுவடை வண்டியின் பல்சக்கரப் பெட்டி, லாரி அச்சு, மூடிப்போன ஆலையின் மோட்டார், தையல் மெஷினின் மிதி. காலால் மிதித்தால் கம்பி திருகும், எடுத்தால் நிற்கும். கல்லறைகளுக்கு இரும்புக் கூடாரமும் வேலியும் செய்கிறவர்களுக்கு அது பொன் முட்டையிடும் வாத்து. மூன்று செய்ததில் ஒன்றைத் தனக்கென வைத்துக்கொண்டான், ஒன்றை மச்சினனுக்குக் கொடுத்தான். “அக்காவுக்குப் பரிசமா குதிரை ஓட்டிட்டு வருவார்னு பாத்தோம். மச்சான் மெஷின் குடுத்துட்டாரு. தீவனச் செலவு மிச்சம்” என்று ஜெக்ஷென் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

சட்டைக் கை கம்பியில் சுற்றி ஜெக்ஷெனை இழுத்துக்கொண்டது, அவன்தான் கவனமாக இல்லை. போலீஸ்காரர் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். வந்தவர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

சாகினின் கையில் அரம் இருந்தது. எந்திரத்தின் ஸ்டார்ட்டர் பெட்டி திறந்து கிடந்தது. அவன் விரலால் காட்டினான். உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு செம்பு முனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“அவன் கால எடுத்திருக்கான், பூருல். எடுத்தும் இது விடல. ஒட்டிக்கிச்சு. நிக்காம சுத்தியிருக்கு.”

அவளுக்கு முதலில் வார்த்தைகள்தான் கேட்டன. பிறகு அர்த்தம் ஏறியது. காலை எடுத்த பிறகும். எவ்வளவு நேரம்?

“அரம் எதுக்கு?”

ஒட்டிய முனைகளில் அரத்தின் புதுக் கீறல்கள் மின்னின. அவன் அரத்தைப் பார்த்தான், ஏதோ அதுவாகவே அவன் கைக்கு வந்துவிட்டதைப் போல.

“துராத்துக்குத் தெரிஞ்சா என்னை உசுரோட விடமாட்டான்” என்றான் கடைசியில்.

துராத் அவளுடைய அண்ணன். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் ஜெக்ஷெனைத் தோளில் தூக்கி வளர்த்தவன். சின்ன வயதில், ஜெக்ஷெனைக் கடித்த நாயை அவன் என்ன செய்தான் என்பது பூருலுக்கு நினைவிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நம்ம மெஷின்லயும் இதே பெட்டிதானா?”

“மூணுலயும் இதேதான். ஒரே பம்பு ரூம்ல கழட்டுனது.”

சமோவாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீர் இல்லாமலே கனத்தது. மூன்றாவது எந்திரம் யாரிடம் இருக்கிறது என்பது நடுமுற்றத்தில் அவளுக்கு உறைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒமுரிடம். ஜெக்ஷெனின் கூட்டாளி. இன்னும் துட்டிக்கு வரவில்லை.

பிணத்துக்கென முற்றத்தில் அடித்திருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் திரைக்குப் பின்னால் ஜெக்ஷென் கிடந்தான். பெண்கள் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பூருல் தன் இடத்தில் போய் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒமுரின் மனைவி சூரா.

“உன் வீட்டுக்காரர் எங்க?” பூருல் கேட்டாள்.

“மதியம் அடக்கத்துக்கு நேரா வந்துருவாரு அக்கா. விடியக்காலையே வேலையில எறங்கிட்டாரு. ஜெக்ஷென் கல்லறைக்கு வேலி நான்தான் செய்வேன், வேற எவன் கையும் படக்கூடாதுன்னு ஒரே அழுகை. கம்பி முறுக்கிட்டிருக்காரு.”

பூருல் தன் தோளிலிருந்த அவள் கையை எடுத்துவிட்டாள்.

“ஒரு போன் போடு.”

“எதுக்குக்கா?”

“போடு.”

சூரா போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள்.

“மெஷின் ஓடுனா அவருக்குக் காது கேக்காது.”

“பக்கத்து வீட்ல யாராச்சும்?”

“எல்லாரும் இங்கதான இருக்காங்க.” சூரா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். “என்னக்கா? என்ன ஆச்சு?”

வெளியே புதிதாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூடாரத்தில் ஒப்பாரி உரத்தது. பூருலும் சேர்ந்து ஓலமிட்டாள். சொன்னால் சாகின். சொல்லாவிட்டால் ஒமுர். இடையில் சுவரின் கம்பளி முடிச்சுகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. ஒமுர் இந்நேரம் குனிந்து அடுத்த கம்பியைப் பூட்டிக்கொண்டிருப்பான்.

எழுந்தாள். பிணத்துக்குப் பக்கத்திலிருந்து கூடப்பிறந்தவள் எழுந்து போவதைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு வெளியே வந்தாள்.

ஆண்கள் வரிசையில் துராத் முதலில் நின்றான். இரண்டு நாளில் அவன் முகம் சிறுத்திருந்தது. வரிசையின் கடைசியில் சாகின் வந்து நின்றிருந்தான், கம்பில் சாய்ந்து, தலையைத் தொங்கவிட்டு. அவளைக் கண்டதும் நிமிர்ந்தான். அவள் அவன் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

“அண்ணே, கொஞ்சம் இப்படி வா.”

“உள்ள போ பூருல். எல்லாரும் பாக்குறாங்க.”

“ஜெக்ஷென் மேல தப்பு இல்லண்ணே. அவன் கால எடுத்திருக்கான். மெஷின் நிக்கல. உள்ள பெட்டி ஒட்டிக்கிச்சு. ஒமுர் வீட்டுலயும் அதே பெட்டி. இப்ப அவன் அதுலதான் வேலை செஞ்சிட்டிருக்கான், போன் எடுக்க மாட்டேங்கறான்.”

துராத் அவளையே பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன, அவள் சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பவனைப் போல. பிறகு மெதுவாக வரிசையின் கடைசிவரை நடந்தான்.

“நெசமா மாப்ளே?”

சாகின் தலையசைத்தான். கம்பைப் பிடித்திருந்த துராத்தின் கை வெளுத்தது. பூருல் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது துராத் தன் கம்பைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“வண்டில ஏறு” என்றான் சாகினிடம்.

“பொணத்த வெச்சிட்டு எங்கடா போறீங்க?” பெரியப்பா கத்தினார்.

“வந்துர்றோம்.”

இருவர் மட்டும் ஏறினார்கள். வண்டி சேற்றை வாரியடித்துக்கொண்டு பாப்லார் மரங்களுக்கிடையில் போய் மறைந்தது. வழியில் ஆறு இருந்தது, ஆளில்லாத மேடு இருந்தது. ஒமுருக்காக மட்டும் பயந்து சொல்லிவிட்டோமே, இவர்கள் இரண்டு பேரையும் தனியாக அனுப்பிவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

கூடாரத்துக்குள் திரும்பி உட்கார்ந்தாள். சூரா அழுகையை நிறுத்தியிருந்தாள். போனை மடியில் வைத்து விடாமல் அழுத்திக்கொண்டேயிருந்தாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் வந்தது. ஏடு படிந்து ஆறிப்போனது.

நெடுநேரம் கழித்து ஒரு வண்டி வந்து நின்றது. கதவுகள் அறைந்தன. உடனே ஆண் குரல்களின் ஓலம் எழுந்தது. துட்டி வீட்டுக்கு வருகிறவன் வாசலிலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு வருவது வழக்கம். இது வழக்கத்துக்கு இட்ட ஓலமா, வேறா? “ஐயோ” என்ற குரல் யாருடையது? சூராவின் விரல்கள் பூருலின் மணிக்கட்டில் இறங்கின. நகம் பதிந்தது. கூடாரத்தில் அத்தனை பேரும் அழுதுகொண்டிருக்க, இருவரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள்.

“என் கூட்டாளியே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே, என் கூட்டாளியே!”

“அவருதான்” என்றாள் சூரா. அதன் பிறகுதான் அவளுக்கு உண்மையான அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒமுர் கூடார வாசலில் வந்து குனிந்து நின்றான். தாடியெல்லாம் இரும்புத் தூள். சூராவிடம்தான் பேசினான், ஆனால் கண் திரைப்பக்கம் இருந்தது.

“துராத் அண்ணன் வாசல்ல வந்து நின்னாரு. என்னடான்னு கால எடுத்தேன். அது நிக்கல சூரா. அது பாட்டுக்குச் சுத்துது. சாகின் ஓடிவந்து மெயின் வயரப் பிடுங்கித்தான் நிறுத்துனான்.”

துராத் வரிசையில் தன் இடத்துக்குப் போனான். சாகின் பழையபடி கடைசியில் போய் நின்றான். அவன் முகத்தில் காயம் ஏதும் உண்டா என்று பூருல் தேடினாள். இல்லை. தேநீர்க் கிண்ணத்தோடு அவனருகே போனபோது, “வழியில என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“போறப்ப ஒண்ணும் பேசல.” அவன் கிண்ணத்தை வாங்கவில்லை. “வர்றப்ப, ‘இன்னிக்கு என் தம்பிய அடக்கம் பண்ணணும்’னாரு. அவ்ளோதான்.”

தொழுகை முடிந்து ஜெக்ஷெனைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். தோள் கொடுக்கச் சாகின் முன்னால் போனான். துராத் திரும்பி அவனைப் பார்த்தான், அவ்வளவுதான். சாகின் பின்வாங்கினான்.

கூட்டம் மேட்டுப் பாதையில் நகர்ந்தது. எல்லோரும் போன பிறகு சாகின் நடக்கத் தொடங்கினான், ஒரு கல்லெறி தூரம் விட்டு. பாப்லார் வளைவுக்குப் போனதும் முன்னால் போன கூட்டம் ஒவ்வொருவராக மறைந்தது. கடைசியில் ஒருவர் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தார். துராத்தா, ஒமுரா என்று வாசலில் நின்ற பூருலுக்குத் தெரியவில்லை.

சாகின் நடையை மெதுவாக்கினான். நின்றான். பிறகு அவரை நோக்கி நடந்தான்.