மிஸ்ஸுக்குப் பொறுக்கிய மட்டி

1

ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலையிலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. கழுவுகிற ஆளாக ஜவுபரை வைத்திருக்கிறேன். ஜவுபர் நான் இல்லை. முதுகுவலி மட்டும் என்னுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கல்முனைக் கடலில் சூரியன் தன் பொற்…’

விட்டுவிட்டேன். அந்த நேரம் ஜவுபர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடுவை கழுவுகிற தொட்டியடியில் நிற்பான்.

2

மட்டிச் சிப்பியைத் திறந்து சதையைச் சுரண்டிக் கொடுப்பது அவன் வேலை. ஆய்வு செய்கிற ஹிமாயா மிஸ் அதை ஈரம் உறிஞ்சும் வெள்ளைத் தூளோடு அரைத்து, கடதாசிக் குழலில் அடைத்து, கண்ணாடிக்குள் இறக்குவார். கீழே கரைப்பான் திரவம் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, சதையில் சொட்டி, கொழுப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும், திரும்பவும் ஏறும். நாள் முழுக்க இதுதான். எந்தக் காலத்திலோ வயலுக்கு அடித்து, பிறகு தடைசெய்த பூச்சிமருந்து அந்தக் கொழுப்பில்தான் குடியிருக்கும். மட்டியைத் தின்றவளின் உடம்பிலும் தங்கும். பாலிலும் இறங்கும்.

(கடைசி வரியை இரண்டு தரம் வெட்டினேன். அது இல்லாமல் கதை நிற்கவில்லை.)

சோதனைக்கு மட்டி கொண்டுவந்தவள் அன்னப்பிள்ளை. வயல் வாய்க்கால் கடலோரக் களப்பு நீரில் விழுகிற இடத்தில் பொறுக்கி விற்பவள். மகள் நிலாந்தினி பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறாள். பால் ஊறட்டும் என்று தாய் ஒவ்வொரு நாளும் மட்டிச் சாறு காய்ச்சிக் கொடுக்கிறாள்.

3

அவள் கொண்டுவந்த மட்டியில் பூச்சிமருந்து இல்லை என்று முடிவு வந்தது. மிஸ் அன்னப்பிள்ளையைக் கூப்பிட்டு, பயமில்லாமல் சாப்பிடலாம் என்றார். அவள் சந்தோசமாக வெளியே வந்து, வாசல் படலையடியில் நின்ற ஜவுபரிடம் இரகசியம் போலச் சொன்னாள்.

“மிஸ்ஸுக்கெண்டு கடல் திறக்கிற முகத்துவாரத்துக்குப் போய்ப் பொறுக்கின நான் தம்பி. படிச்ச புள்ளைக்கு வாய்க்கால் சேத்து மட்டியைக் குடுக்கிறதா? வெக்கமில்லையா?”

“அப்ப மகளுக்கு?”

“வீட்டுச் சட்டிக்கு வாய்க்கால் மட்டியே காணும்.”

4

இங்கேதான் பேனை நின்றது.

ஒரு முடிவு: ஜவுபர் மிஸ்ஸிடம் ஓடுகிறான். வாய்க்கால் மட்டியும் கண்ணாடிக்குள் இறங்குகிறது, மருந்து இருக்கிறது. களப்பு மட்டியை ஒருவரும் வாங்குவதில்லை. அன்னப்பிள்ளை அவனோடு கதைப்பதில்லை. பிள்ளை ஏற்கெனவே குடித்த பாலை என்ன செய்வ…

இன்னொன்று: வாய்க்கால் மட்டியிலும் ஒன்றுமில்லை. இது என் ஆசை, கதை இல்லை.

மூன்றாவது: ஜவுபர் “நல்லது அக்கா” என்று சிரித்து அனுப்புகிறான். இதை எழுதத்தான் எனக்குக் கை ஓடியது. அதனால் கிழித்தேன்.

அன்னப்பிள்ளை பஸ்ஸுக்கு நிற்கிறாள். வீட்டில் உலை வைக்கப் போகிறாள். இனிப் பயமும் இல்லை. ஜவுபர், “அக்கா” என்று கூப்பிடுகிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

அடுத்த வார்த்தை உங்களுடையது. பஸ் வந்துவிட்டது.