எல்லா போனிலும் கஜபதி

ஷர்மிளாவுக்கு எதுவுமே சட்டென்று பிடிபட்டுவிடும். ரேணுகாவின் வயிற்றெரிச்சலே அதுதான்.

இருவரும் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். வேலப்பன்சாவடி கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது அம்பத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் பயிற்சி. ஜாவா ஓரளவு தெரியும்; அதை வைத்து சர்வரிலேயே வலைப்பக்கம் தயாரிக்கும் ஜேஎஸ்பியைப் பழகிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை.

ரேணுகா எழுதிய பக்கம் தேதியும் நேரமும் காட்டியது. ஷர்மிளாவின் பக்கமோ பெயரைக் கேட்டு, ‘வணக்கம், ஷர்மிளா’ என்று வாயாரக் கூப்பிட்டது. டீம் லீடர் கஜபதி சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் காட்டச் சொன்னார். ரேணுகாவிடம் அப்படிக் கேட்கவில்லை. அன்று மதியம் கொண்டுவந்த லெமன் சாதத்தை அவள் அப்படியே மூடி வைத்தாள்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். யார் எதை எழுதினாலும், பக்கத்து சீட்டுக்காரர் வரி வரியாகப் பார்த்து சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டலாம். பக்கத்து சீட்டு ரேணுகாவிடம் ஷர்மிளா தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள்.

“பாத்து சொல்லுடி. தப்பு இருந்தா திட்டிக்கோ. என் டிபனை மட்டும் தொடாதே.”

மேலே இருந்த ஒரு வரியில் ரேணுகாவின் கண் நின்றது. ஜாவாவில் பழகிய கையோடு, பெயரை வைக்கும் இடத்தைப் பக்கத்தின் தலையிலேயே அறிவித்திருந்தாள் ஷர்மிளா. எத்தனை பேர் வந்தாலும் சர்வரில் அந்த ஒரே இடம்தான். கடைசியாக விழும் பெயரே எல்லோருக்கும் வரும். தனியாகச் சோதித்தவளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

சொல்ல வாயெடுத்தாள். கஜபதியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

“சரியாத்தான் கீது” என்றாள்.

மறுநாள் கஜபதி எல்லோரையும் போனில் ஷர்மிளாவின் பக்கத்தைத் திறந்து அவரவர் பெயரைத் தட்டச் சொன்னார். கடைசியாகத் தன் பெயரையும் தட்டினார். ஷர்மிளா பக்கத்தை மறுபடி திறந்தாள். ‘வணக்கம், கஜபதி.’

“சார், என் போன்லயும் குடி வந்துட்டீங்க” என்றார் எதிர் வரிசை அப்துல் ரசாக். அறையே சிரித்தது.

ஷர்மிளாவின் முகம் செத்துவிட்டது. ரேணுகாவுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஏன் இப்படி வருகிறது என்று கஜபதி பொதுவாகக் கேட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“பேரு வைக்கிற இடம் பொதுவா இருக்கு சார். மேலேயே இருக்கு பாருங்க. அதை உள்ளே இறக்கிட்டா போதும்.”

கஜபதி அவளையே பார்த்தார். “அவ எழுதுன புரோகிராமை நான் இன்னும் தொறக்கவே இல்லியேம்மா.”

பிறகு ஷர்மிளாவிடம், யார் சரிபார்த்தது என்று கேட்டார். அவள் தோழியின் பக்கம் திரும்பவில்லை.

“ரேணுகாதான் சார். சரியா இருக்குன்னு சொன்னா.”

கஜபதி திட்டவில்லை. ஷர்மிளாவை அங்கேயே திருத்தச் சொன்னார். அவரவர் போனில் அவரவர் பெயர் வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடும்படி அவளிடம் சொன்னார். ரேணுகாவிடம், இனி உன் பக்கத்து சீட்டில் நான் யாரை உட்கார வைப்பது என்று மட்டும் கேட்டார்.

ஆவடி பஸ்ஸில் கூட்டம். இரண்டு வரிசை தள்ளி நின்ற ஷர்மிளா, வேலை கிடைத்ததை அம்மாவிடம் போனில் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

அந்த அழுகையைப் பார்த்தும் ரேணுகாவுக்குப் பொறாமையாக இருந்தது.