நாலு மணி டீக்கு எதிராக ஒரு சர்வே

"கருத்து மட்டும் சொன்னா செல்லாது மாமா. கூடவே ஒரு ஆதாரம் சொல்லணும்," என்றாள் கொழுந்தியாள்.

நாமும் அவரை மாமா என்றே வைத்துக்கொள்வோம். ஹோட்டலின் சலவைப் பிரிவில் சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. மறுநாள் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ஆங்கிலத்தில் வாதாடவிட்டு ஆள் எடுக்கப்போகிறார்கள். இஸ்திரி மேசையின் சூட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்த மாமாவுக்கு, அந்த வேலை கிடைத்தால் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி உண்டு.

"ஆதாரத்துக்கு நான் எங்க போறது?"

"'அக்கார்டிங் டு எ சர்வே'ன்னு ஆரம்பிங்க. எந்த சர்வேன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் மாமா அதையே முணுமுணுத்தார். பேய் கீய் பிடித்துவிட்டதா என்று மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மேனேஜர் கொடுத்த தலைப்பு, நாலு மணி டீ இடைவேளை தேவையா என்பது. சீட்டுக் குலுக்கியதில் 'தேவையில்லை' என்ற பக்கம் மாமாவுக்கு விழுந்தது. அந்தப் பிரிவிலேயே டீயை நம்பி உயிர் வாழ்கிற ஆத்மா அவர்தான். எதிரே உட்கார்ந்தது, அவர் தேய்க்கும் துணிகளை மடித்து அடுக்குகிற அக்கா.

அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. "சார், லாஸ்ட் மந்த் பர்ன் ஆன ஷர்ட் எல்லாம் பிஃபோர் டீ. ஆஃப்டர் டீ, நோ பர்ன்."

கருக்கியது யார் என்று அவள் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனசு. ஆனாலும் மேனேஜரின் பார்வை மெல்ல மாமா பக்கம் திரும்பியது.

"அக்கார்டிங் டு எ சர்வே," என்று எடுத்துவிட்டார் மாமா. "நோ டீ வொர்க்கர், ட்வென்டி பர்சென்ட் ஃபாஸ்ட்!"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா சொன்னது கண்ணால் பார்த்த உண்மைதான், ஆனால் அதில் சதவீதம் இல்லையே. வேலை மாமாவுக்கே கிடைத்தது. கையோடு முதல் உத்தரவும் வந்தது: நாளையிலிருந்து நாலு மணி டீ கிடையாது, அதை அவரே போய் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

கதவு வரை போன மாமா திரும்பி வந்தார். நாற்காலி போனால் போகட்டும், இத்தனை பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள முடியாது என்று தோன்றிவிட்டது.

"சார், அந்த சர்வே... அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது சார். நானா அடிச்சு விட்டது."

மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். "தன்னடக்கமெல்லாம் எதுக்குப்பா? நானே படிச்சிருக்கேன். ட்வென்டி டூ பர்சென்ட்னு ஞாபகம்."

மாமா கீழே இறங்கி வந்தபோது டீ கொதித்து முடிந்திருந்தது. அவருக்கு வேலை கிடைத்த விஷயம் மட்டும் அதற்குள் பரவி, இஸ்திரி மேசையைத் துடைத்து அவருக்கென்று ஒரு நாற்காலியே போட்டுவிட்டார்கள். தோற்ற அக்காதான் டீயை ஆற்றி எடுத்து வந்தாள்.

"சூப்பர்வைசருக்குத்தான் முதல் கப்பு. பிடி தம்பி."

மாமா வாங்கிக்கொண்டார். அவர் முதல் வாய் குடிக்கட்டும் என்று எல்லோரும் தங்கள் கப்புகளைக் கையில் பிடித்தபடி சுற்றி நின்றார்கள். அவருடைய டீயில் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.