நீர்ப்போக்கு இல்லை

சித்திரை வெயிலில் ஜீப்பை விட்டு இறங்கிய இரண்டு பேர், வரப்பில் நடக்கத் தெரியாமல் தள்ளாடித் தள்ளாடி வந்து கோலப்பனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இந்த ஓடையில் தண்ணீர் வருமா, வராதா? அதற்குப் பதில் சொல்ல ஊரில் அவரை விட்டால் ஆளில்லை. முப்பத்திரண்டு வருடமாகச் செம்பன்குளத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர். எந்த வயல் எப்போது குடிக்கும், குடித்த மிச்சத்தை எங்கே வடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வந்தவர்களில் ஒருவன் வடக்கத்தி இஞ்சினியர், மீசை இப்போதுதான் தடித்திருந்தது. இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்து சர்வேயர். இவன் இந்தியில் சொல்வதை அவர் தமிழாக்கினார். எங்கோ பனி விழுகிற மலையடிவாரத்தில் கிளம்பி, பத்துப் பன்னிரண்டு மாநிலத்தைத் தாண்டி வருகிற பெரிய சாலையை நான்கு வழியாக அகலப்படுத்துகிறார்கள். ஊர்களுக்குள் நுழைந்தால் வளைய வேண்டியிருக்குமாம். அதனால் வயல் வழியே நேராக இழுத்து வருகிறார்கள், இரண்டு ஆள் உயரத்துக்கு மண் போட்டு.

"படத்துல ஓடைன்னு போட்டிருக்கு. உயிரோட இருக்கா, செத்துப் போச்சான்னு சார் கேக்காரு. உயிரோட இருந்தா அடியில குழாய்ப் பாலம் வைக்கணும்" என்றார் சர்வேயர்.

ஓடை காய்ந்து, தாழம்புதர் மண்டிக் கிடந்தது. பார்த்தால் யாரும் செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். ஐப்பசியில் வந்து பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தாழ்ந்த வயல் முழுக்க நிறைந்து, அதன் தண்ணீர் எல்லாம் இந்த ஒரு வழியாகத்தான் இறங்கிக் கீழ்க்குளத்துக்குப் போகும். அந்த வயலும், அதன் ஓரத்தில் மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய வீடும் பகவதியப்பனுக்குச் சொந்தம். கோலப்பன் அந்த வீட்டைப் பார்த்தார். பச்சைப் பெயின்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் அஞ்சுவின் கல்யாணத்துக்காக அடித்த பெயின்ட்.

அந்தக் கல்யாணத்தில்தான் அது நடந்தது. முதல் பந்தி. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் இஞ்சிப் பச்சடியும் விளம்பியாயிற்று. பருப்பு வாளி நான்கு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. அப்போது பகவதியப்பன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, கோலப்பனின் முழங்கையைப் பிடித்து, "அண்ணாச்சி, மாப்பிள வீட்டுக்காரங்க நிக்காங்க. அடுத்த பந்தியில இருக்கலாம், எந்திங்க" என்று தூக்கிவிட்டான். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனை எழுப்புவது இந்த நாட்டில் செத்த வீட்டில்கூடச் செய்யாத காரியம். சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்து இஞ்சிப் பச்சடியைத் தொட்டு நக்கினார்கள். கோலப்பன் கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு நடந்தார். பெண்டாட்டி தாணம்மாள், சாப்பாடு எப்படி என்று கேட்டாள். "கேமம், ஒரு கொறவுமில்ல" என்றார். அன்று ராத்திரி பழையதைப் பிழிந்து தின்றுவிட்டுப் படுத்தார். பசி ஆறியது. மற்றது ஆறவில்லை.

"செத்துப் போச்சு" என்றார் சர்வேயரிடம். "வருசம் பத்தாச்சு தண்ணி வந்து. சவத்துக்கு எதுக்குப் பாலம்?"

சர்வேயர் சிரித்தார், இந்தியில் சொன்னார், இஞ்சினியரும் சிரித்தான். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வாங்கினார்கள். ஓடைக்குள் நிற்கச் சொல்லி போனில் ஒரு படமும் எடுத்தார்கள். பொய் சொன்ன வாய் கசக்கும் என்பார்கள். கோலப்பனுக்கு அப்படி ஒன்றும் கசக்கவில்லை. வயிறு நிறைய விருந்துண்டவரைப் போல வரப்பில் கையை வீசி நடந்தார்.

மண்ணடிக்கத் தொடங்கியபோது பகவதியப்பனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. நாகர்கோவிலில் குமாஸ்தா வேலை. காலையில் பைக்கில் போனால் இருட்டிய பிறகு வருகிறவன். வேளாண்மை அப்பா காலத்தோடு சரி, நட்டு அறுப்பதெல்லாம் கூலியாட்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ பேரீச்சம்பழத்தோடு கோலப்பனின் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, எனக்க வயல்த் தண்ணி போவ வழி விட்டிருக்கானுவளா? எனக்கொண்ணும் தெரியாது. நீங்க பாத்துச் சொன்னாத்தான் உண்டு."

"தெக்க பெரிய பாலம் ஒண்ணு வைக்கான்லா. எல்லாம் அதுவழி போயிரும். நீ சும்மா இரி."

"நீங்க சொன்னாச் சரி" என்று எழுந்து போனான். பேரீச்சம்பழத்தைத் தாணம்மாள் தின்றாள்.

முதல் வருடம் மழை பொய்த்தது. தார் விழுந்து, ஓரத்தில் இரும்புத் தடுப்பு வந்து, ராஜஸ்தான் நம்பர் போட்ட லாரிகள் கன்னியாகுமரிக்குப் பறந்தன. மறு வருடம் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் காலையில் கோலப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு புது ரோட்டில் ஏறி நின்று பார்த்தார். உள்ளதைச் சொன்னால், ஆசையாகத்தான் போனார். கதிர் வாங்கிய நெல் இருந்த இடம் தெரியவில்லை. ரோட்டு மண்ணில் முட்டி நின்ற தண்ணீர், திரும்பி வீட்டுக்குள் போயிருந்தது. பச்சைச் சுவரில் ஜன்னல் வரை செம்மண் கோடு. படிக்கட்டுப் பக்கம் சுவர் விரல் நுழைகிற அளவுக்கு விண்டிருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தார். நினைத்து முடிக்கவில்லை, வீட்டுக்குள்ளிருந்து நான்கு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலியில் அஞ்சு. பேறுகாலத்துக்கு வந்திருந்தாள், நிறை மாதம். நெஞ்சளவுத் தண்ணீரில் ஒருவனுக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. அவள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ரோட்டில் நின்ற கோலப்பனைப் பார்த்து, "பெரியப்பா! பிடிங்க பெரியப்பா!" என்று அலறினாள்.

குடையைப் போட்டுவிட்டு இறங்கிப் பிடித்தார். இரும்புத் தடுப்புக்கு மேலே அவளைத் தூக்கிவிட்டதும் அவர்தான். ஆஸ்பத்திரியில் தலைப்பிள்ளை குறையில்லாமல் பிறந்தது. ஆனால் கோலப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் நாற்காலி சாய்ந்தது. செய்த பாவத்தைத் துடைத்துவிடலாம், ஒரு வார்த்தைதானே, சொன்ன வாயாலேயே மாற்றிச் சொன்னால் ஆயிற்று என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னார். பகவதியப்பன் வந்து, சாலை ஆபீசில் மனு கொடுக்க வேண்டும், ஓடை இருந்ததற்குச் சாட்சி நீங்கள்தான் என்று கையைப் பிடித்தபோது, அவன் கேட்டு முடிக்கும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டார்.

போகிற வழியில் பகவதியப்பன் அவருக்கு ரசவடையும் சாயாவும் வாங்கிக் கொடுத்தான். மழை விழுந்தபோது தன் மழைக்கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டான்.

ஆபீசில் இருந்தது வேறு அதிகாரி. கோலப்பன் கைகட்டி நின்று, "அய்யா, அது உயிருள்ள ஓடை. எனக்கு முப்பது வருசத்துக்கு மேலாத் தெரியும். ஒரு குழாயாவது போட்டுத் தரணும்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது, மெய்யாகவே உடைந்தது. அதிகாரி கேட்டுக்கொண்டார். ஊர்ப் பெயரையும் கிலோமீட்டரையும் கேட்டு, பின்னாலிருந்த அலமாரியில் ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டி, ஒரு தாளை மேஜையில் இவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது நீங்கதானே?"

வண்ணப் படம். காய்ந்த ஓடைக்குள் கோலப்பன் இடுப்பில் கைவைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். கீழே தேதி, மணி. அதற்குக் கீழே தமிழில் இரண்டு வரி: மேற்படி இடத்தில் நீர்ப்போக்கு இல்லை, பத்து ஆண்டுகளாகத் தண்ணீர் வந்ததில்லை. அவருடைய வளைந்த கையெழுத்து.

"இத வச்சுத்தான் படத்துலேருந்து பாலத்த எடுத்தாங்க. இப்ப ரோட்ட வெட்டணும்னா டெல்லிவரைக்கும் போகணும். அன்னைக்கு இல்லேன்னு சொன்ன ஆளே இன்னைக்கு இருக்குன்னா நான் எத எழுதுறது?" அதிகாரி பகவதியப்பனைப் பார்த்தார். "சாட்சிக்கு வேற நல்ல ஆளாக் கொண்டாங்க."

பகவதியப்பன் அந்தத் தாளை எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைப் போல முழுதாக வாசித்தான். பிறகு வணக்கம் சொல்லி வெளியே வந்து, பைக்கை எடுத்து, "ஏறுங்க" என்றான். கோலப்பன் ஏறினார். ஏறாமல் பஸ்ஸில் போயிருக்கலாம். அந்த நேரத்தில் அந்தப் புத்தி வரவில்லை.

ரோடு வழவழவென்று போயிற்று. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாடிகள் தூரத்தில் மழைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. தன் வயலுக்கு நேரே வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"எதுக்கு அண்ணாச்சி?"

கோலப்பன் இறங்கி, இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். வாய்க்கு வரும்போது அவை இத்துனூண்டாகிவிட்டன.

"அஞ்சு கல்யாணத்துல... எலையில இருந்தவன கையப் பிடிச்சு எழுப்பி விட்டியேடே."

பகவதியப்பன் புருவத்தைச் சுருக்கினான். யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், கோலப்பனுக்கு அது தெரிந்தது.

"யாரை?" என்றான். "நானா? எப்ப?"

ஒரு லாரி கடந்து போனது. சேற்றுத் தண்ணீர் இருவர் மேலும் விழுந்தது. கோலப்பன், பருப்பு வாளி நான்கு இலை தள்ளி வந்தது என்று சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். பகவதியப்பன் முகத்தை வழித்துவிட்டு, அவர் மேல் கிடந்த தன் மழைக்கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றி உருவிக்கொண்டான்.

"கீழ எறங்கும்" என்றான். இத்தனை வருடத்தில் அவரை 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. "ஓடை வாய் எங்கன்னு ஒமக்குத்தானே தெரியும். எறங்கித் தேடும்."

"தம்பி, அதுக்கு மேல மண்ணும் கல்லும்..."

"தேடும்வே."

அறுபத்தெட்டு வயது. கோலப்பன் தடுப்பைத் தாண்டி, கல் பதித்த சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். தண்ணீர் முதலில் முழங்காலுக்கு, பிறகு இடுப்புக்கு, பிறகு நெஞ்சுக்கு வந்தது. அழுகிய நெல்லின் நாற்றம் மூக்கை அடைத்தது. கதிர்கள் தண்ணீருக்குள்ளேயே முளைத்து, கொத்துக் கொத்தாகச் சட்டையில் ஒட்டின. ஒரு காலை நீட்டித் துழாவினார். கல். இன்னும் கொஞ்சம் நகர்ந்து துழாவினார். கல்.

மேலே பகவதியப்பன் தடுப்பின் மேல் ஏறி வசமாக உட்கார்ந்திருந்தான். "இன்னும் கொஞ்சம் வடக்க" என்று அவன் குரல் வந்தது. கோலப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையும் உள்ளே போக, இரண்டு கையாலும் தடவினார்.