இரண்டாவது கிண்ணம்

மாயவன் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததுமே எனக்கு அலுப்பு வந்துவிட்டது. அவர்மேல் கோபமில்லை. அவர் கேட்பதைச் செய்துகொடுக்க என்னால் ஆகாது, அவ்வளவுதான். இந்த அருங்காட்சியகத்தில் கூட்டித் துடைத்து, விளக்குப் போட்டு, பள்ளிப் பிள்ளைகளை "தொடாதே, தொடாதே" என்று விரட்டுகிறவள் நான். நான் கேட்டால் எந்த மகராசன் உத்தரவு கொடுப்பான்?

கடத்தூர்ப் பக்கம் தன் தக்காளிக் காட்டில் கிணறு வெட்டும்போது கிடைத்த கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நேர்மையாக ஒப்படைத்தவர் அவர். எந்தக் காலத்திலோ செத்தவர்களோடு சேர்த்துப் புதைத்த கிண்ணம். சிவப்பு மண்ணில் வெள்ளை வெள்ளையாய் அலைக்கோடு. உடைந்திருந்ததை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தொல்லியல் அதிகாரிகள் கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, தாங்கள் வந்து தோண்டும்வரை கடப்பாரை படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். தக்காளி கருகியது. மாட்டை விற்றார். அவர் மனைவி சாலம்மாளுக்கு ஊர்க்குழாயிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து இடுப்பு விட்டுப்போனது.

அன்றைக்கு அண்ணன் பெட்டி முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்.

"செத்தவன் சோறு தின்ன கிண்ணத்துக்கு லைட்டு, ஃபேனு, காவலுக்கு நீ. உசுரோட இருக்கறவன் தண்ணியில்லாம சாவறேன். நல்ல நாயம், கோகிலா."

"நான் என்னண்ணா பண்றது? ஆபீசருங்களுக்குப் போன் போட்டுப் போட்டு எனக்கும் வாய் ஓஞ்சு போச்சுங்க."

"உன்ன ஒண்ணும் சொல்லலம்மா." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொறுக்க மாட்டாம நானும் உங்கண்ணியும் கயித்த அவுத்துட்டு எறங்கி வெட்டினோம். ஓரத்த அகலப்படுத்தறப்ப இன்னொண்ணு கெடச்சுது. இதே கோடு. இதவிடப் பெரிசு. ஒரு கீறல் இல்ல."

தினமும் ஒட்டுப்போட்டதையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். முழுசாக ஒன்று! பொய் சொல்வானேன், கை முதலில் போனைத்தான் தேடியது. அப்புறம் சாலம்மாள் அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னொரு கயிறு கட்டினால் அந்தக் குடும்பம் தாங்காது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணா," என்றேன். "கெணத்த வெட்டி முடிங்க. கிண்ணத்த மட்டும் வூட்டுல ஒரு மூலையில பத்திரமா வெச்சிருங்க. பின்னால பாத்துக்கலாம்."

"பொணத்தோட பொதச்ச சட்டிய வூட்டுக்குள்ள எப்பிடிம்மா வெக்கிறது? காட்டுல வெச்சா நாலு பேரு பாத்துருவாங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கடப்பாரையால நானே ஒடச்சுட்டேன். உன்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"தண்ணி வந்துச்சாண்ணா?"

"வந்துச்சு."

"உப்பா?"

"இல்லம்மா. நல்ல தண்ணி," என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.