பூச்சு போன சீல்

திருச்சியிலிருந்து ஜோதி வாங்கிவந்த சீல்கள் பளபளவென்று மின்னின. மின்னக் கூடாது, அதுதான் சங்கடம். டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கும் ஜாக்கிக்குள் போகிற ரப்பர் வளையங்கள் அவை. இரும்போடு உரசிக் கிழிந்துவிடாமல் வழுக்கிப் போக, மேலே கருஞ்சாம்பலாக ஒரு பூச்சு இருந்தது. ஆனால் அரியலூர்ப் பட்டறைகளில் எந்தப் புதுச் சாமானையும் டீசலில் முக்கித் தேய்க்காமல் மாட்டமாட்டார்கள். அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கலைச்செல்வன் தேய்த்து முடித்திருந்தான். அவ்வளவு சிரத்தையான புருஷன்.

"எவ்ளோ அழுக்கு பாரு," என்று கறுத்த துணியைக் காட்டினான்.

"அது அழுக்கில்லைங்க. பூச்சு."

லாரி முதலாளி சாமிதுரை திரும்பிப் பார்த்தார். சுரங்கத்தில் அவருக்கு லோடு காத்திருந்தது. முட்டுக்கொடுத்து நிறுத்திய தொட்டியின் நிழலில் டிரைவர் அய்யாக்கண்ணு துண்டை விரித்துப் படுத்திருந்தார். பழைய சீல் கிழிந்து எண்ணெய் கசிந்ததில், போன வாரம் இதே தொட்டி தானாக இறங்கியது. தள்ளி நின்றதால் பிழைத்த மனிதர் அவர்.

"ரப்பர்தானம்மா. கிரீஸத் தடவி மாட்டு," என்றார் சாமிதுரை.

கலைச்செல்வன் கண்ணால் கெஞ்சினான். அவருடைய வண்டிகளை நம்பித்தான் பட்டறையே ஓடியது. ஜோதிக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மாட்டமாட்டேங்க. கழுவுனது எங்க தப்பு. நாளைக்கு வேற வாங்கியாந்து எங்க செலவுல போடுறோம்."

"இன்னிக்கு வண்டி போவலன்னா என் வண்டி ஒண்ணுகூட இங்க வராது. பாத்துக்க."

"வராட்டிப் போவட்டும்."

தகடு வெட்டும் கத்தரியை எடுத்து சீல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டாள்.

"நீ பழசயே மாட்டுடா!" சாமிதுரை அவனைப் பார்த்துக் கத்தினார்.

கலைச்செல்வன் கையிலிருந்த துணியைப் பார்த்தான். குனிந்து பழைய சீலை எடுத்தான். அவளிடம் நீட்டினான். அவள் அதையும் வெட்டினாள்.

"அய்யாக்கண்ணு! எந்திரி. தொட்டிய எறக்கி வண்டிய எடு. வேற பட்டறைக்குப் போவோம்."

அய்யாக்கண்ணு கண்ணைத் திறந்து, தலைக்கு மேலே நின்ற தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து டீக்கடைக்கு நடந்தார். வண்டிச் சாவி அவர் விரலில் சுழன்றுகொண்டிருந்தது.